முந்திப் போகிறவனுக்கு அந்த வேம்பு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. முட்டி, எழுந்திருக்கும்போது ஒரு பாடு படுத்துகிறது, உட்காரும்போது ஒரு பாடு, நடுவில் பரவாயில்லை. மழை இல்லை. நலம் விசாரிப்பதை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், சாமி. சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி வளைத்தால் பிறகு எழுதவே மாட்டேன். உன் சித்தப்பா போய்விட்டார். பங்குனிக் கடைசியில் போனார். காரியமெல்லாம் முடிந்துவிட்டது. தந்தி கொடுத்துவிடலாம் என்று உன் சின்னம்மா சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன். அமெரிக்காவில் ஒண்டியாக இருக்கிறாய், தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் அழுவாய்? நீ விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் ஆகியிருக்கும். கோபப்படுவாய். படு. யார் கோபத்துக்கும் பதில் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

சாவுச் செய்தி மட்டும் என்றால் ஒரு நீல உறையில் நாலு வரியில் முடித்திருப்பேன். இவ்வளவு தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நடுவரப்பு வேம்புக்காக. அந்த மரத்தை வைத்து ஊரார் முன்னால் நான் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டேன். அதைக் காப்பாற்ற நான் இருக்கமாட்டேன், நீதான் இருப்பாய். எப்படி இதில் மாட்டினேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். பொறுமையாகப் படி.

எங்கள் அப்பா இறந்த பிறகு நானும் உன் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டோம் அல்லவா, அப்போது கிணற்றில் முறை பிரித்தோம், மாட்டுக் கட்டுத்தரையைப் பிரித்தோம், பித்தளை அண்டாவுக்குக்கூட ஆள் பிரித்தோம். வரப்பு மேல் நிற்கிற வேம்பை என்ன செய்வது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. நம் குடும்பத்து வழக்கம் உனக்குத் தெரியும். செத்தவனை எரிக்கச் சொந்தக் காட்டில், சொந்த நிலத்தில் நின்ற மரம் வேண்டும். விறகுக் கடையில் வாங்கி எரித்தால் அவன் பிள்ளைகளைப் பார்த்து ஊர் சிரிக்கும். பஞ்சாயத்துக்கு வந்தவர்களுக்கு வெயில் ஏறிவிட்டது, பசி வேறு. "முந்திப் போறவனுக்கு மரம், பிந்திப் போறவன் அவன் பாட்டப் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். நாங்கள் இருவரும் சிரித்தோம். அன்றைக்குக் காடெல்லாம் மரம். கிழக்கே பனை, ஓடைக்கரையில் புங்கன், மேட்டில் வெள்வேல், வீட்டுப் பின்னால் மா. ஒரு வேம்புக்கு யார் அடித்துக்கொள்ளப் போகிறார்கள்?

அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. எழுபதுகளில் மழை பொய்த்த வருஷங்களில் வெள்வேல மரங்கள் ஜவ்வரிசி வறுக்கிற சேகோ மில் அடுப்புக்குப் போயின. அந்த மில்லுக்குக் குச்சிக்கிழங்கு போட இடம் வேண்டுமென்று பனைகளைச் சாய்த்தோம். புங்கன் செங்கல் சூளைக்குப் போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் வெட்டவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் அந்தந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்தது. கடைசியில் மா மரம் உன் அம்மாவோடு போனது. திரும்பிப் பார்த்தால் ஒரே ஒரு வேம்பு, அதன் கீழே இரண்டு கிழவர்கள்.

சாயங்காலம் ஆனால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு உன் சித்தப்பா வந்துவிடுவார். "ஏனுங்கண்ணா, இன்னைக்கி இருமல் சாஸ்தியாட்ட இருக்குது. மரத்துக்கு அடி போடறீங்களாக்கும்?" என்பார். "அடப் போடா, உனக்குத்தான் மேமூச்சு வாங்குது. நீதான் முந்திக்கப் பாக்கறே" என்பேன் நான். உன் சின்னம்மா, "வேற பேச்சே கெடைக்கலீங்களா உங்க ரெண்டு பேத்துக்கும்?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். விளையாட்டாகத்தான் பேசினோம். ஆனால் பேசும்போது இரண்டு பேரும் மரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்வோம்.

இந்த நேரத்தில்தான் உன் கடிதங்கள் வர ஆரம்பித்தன. தபால்காரர் என் கையில் கொடுத்ததும் சித்தப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும், வந்து உட்கார்ந்துவிடுவார். நான் சத்தமாகப் படிக்கவேண்டும். வரப்போகிற சூட்டையும் மழையையும் கணிக்கப் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெயில் விழுகிறது, காற்று எப்படிப் போகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தாய். முதலில் தரையை வெறும் தரையாகத்தான் வைத்திருந்தீர்களாம். ஒரு வாளி போல. மழை பெய்தால் நிறையும், நிறைந்தால் வழியும், அவ்வளவுதான். இப்போதுதான் அதன்மேல் செடிகொடி வைக்கிறீர்களாம். இலை மூடினால் தரை கறுப்பாகி வெயிலைக் குடிக்கும், வேர் ஆழத்திலிருந்து தண்ணீரை இழுத்து இலை வழியாக விடும், அதனால் அந்தக் கட்டத்தின் சூடும் மழையும்கூட மாறும் என்று படித்தேன். "நம்ம கட்டம் எத்தாப் பெருசுங்ணா?" என்று கேட்டார். நீ எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்னேன். ஆட்டையாம்பட்டி, சேலம், நாமக்கல், கொல்லிமலை, அந்தப் பக்கம் காவேரி என்று பாதித் தமிழ்நாடு ஒரே கட்டம். "அப்ப மலையிலிருக்கற பலா மரமும் நம்ம கடலைக்காடும் ஒண்ணா? நல்லாருக்குது போங்க, பாகம் பிரிக்கற சோலியே இல்ல" என்று அன்று முழுக்கச் சிரித்தார்.

அடுத்த கடிதத்தில் கரி விஷயம் வந்தது. உலகம் முழுக்க ஆலையும் லாரியும் கக்குகிற கரிக்காற்று இவ்வளவு என்று ஒரு கணக்கு, காற்றில் நிஜமாகக் கூடியிருப்பது இவ்வளவு என்று இன்னொரு கணக்கு. கொஞ்சத்தைக் கடல் குடித்துவிடுகிறது. அதைக் கழித்தாலும் கணக்கு உதைக்கிறது, மீதியை மரமும் வேரும் மண்ணும் எங்கோ வாங்கி வைத்திருக்கவேண்டும், எந்த ஊரில், எந்தக் காட்டில் என்றுதான் பிடிபடவில்லை, என் வேலையே அதைத் தேடுவதுதான் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பாதி புரிந்தது. சித்தப்பாவுக்கு முழுக்கப் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "பட்டியில ஆடு கொறையுதுன்னா மொதல்ல பக்கத்துக் காட்டு வேலிக்குள்ள பாக்கோணும். பையனும் அதைத்தான் பண்றான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன்ற பொட்டிக்குள்ள அருவாளு இருக்குதுங்களா? வெட்டறவன் இருக்கறானா?" என்று கேட்டார். அதை உனக்கு எழுதினேன், நினைவிருக்கும்.

நீ கௌரவம் பார்க்காமல் பதில் போட்டிருந்தாய். வெட்டுவதையும் எரிப்பதையும் கணக்கில் சேர்க்கிறோம், ஆனால் நம் பக்கத்து ஊர்களுக்கு அது உத்தேசம்தான். மரம் கரியை வைத்துக்கொள்வது அது நிற்கிறவரைக்கும்தான். எரித்தால் ஒரு நாளில் காற்றுக்குப் போய்விடும், மட்கினால் மெதுவாகப் போகும், மண்ணுக்குள் சேர்வதில் கொஞ்சம் நெடுநாள் கிடக்கும் என்று. நடுவரப்பு வேம்பு ஒன்று இருந்தாலும் போனாலும் எங்கள் கட்டத்தில் தெரியக்கூடத் தெரியாது என்றும் எழுதியிருந்தாய். படித்து முடித்ததும் சித்தப்பா எழுந்துவிட்டார். ஆடுகளை எழுப்பிக்கொண்டு போகும்போது சொன்னார்: "நம்ம பையன் மரத்தையெல்லாம் உசுரோட கணக்குல வெச்சிருக்கறான். நாம ரெண்டு பேரும் சாவுக்கணக்குல வெச்சிருக்கறமுங்ணா."

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று பல வருஷமாக இருக்கிறது. உன் அம்மாவை எரித்தது ஐப்பசி அடைமழையில். மா மரம் பச்சை மரம், ஊறிப்போயிருந்தது. நீ கொள்ளி வைத்தாய், பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், பிடித்துப் பிடித்து அணைந்தது. புகை மேலே போகாமல் கடலைக்காட்டு மேலேயே தவழ்ந்து போனது. எல்லாரும் திரும்பிய பிறகும் நீ ஈரத்தோடு நின்று அந்தப் புகை போகிற திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிட்டதற்கு, "எங்கப்பா போகுது இது?" என்று கேட்டாய். நான் வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். நீ அதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாயோ என்று எனக்கு ஒரு எண்ணம். இல்லை என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடு. ஆமாம் என்றாலும் எழுதவேண்டாம், என்னால் தாங்க முடியாது.

சித்தப்பாவுக்கு மாசியிலேயே மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் புழுக்கம் தாங்கவில்லை என்று கட்டிலைத் தூக்கி வேம்படியில் போடச் சொன்னார். நான் மத்தியானம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஊரே காய்ந்து கிடக்கிறது, வேம்பு மட்டும் செங்கொழுந்து விட்டு, பூவுக்குத் தயாராக நிற்கிறது. அதற்கு மழை வேண்டியதில்லை, இந்த வெயிலில்தான் துளிர்க்கும். உன் கம்ப்யூட்டருக்கு இது தெரிந்துதான் இருக்கும். சின்னம்மா கஞ்சி காய்ச்ச வீட்டுக்குள் போயிருந்தாள். ஆடுகள் எங்களைச் சுற்றித் தலையைத் தொங்கப்போட்டு நின்றிருந்தன.

"ஏனுங்கண்ணா."

"என்னடா?"

"மரம் எனக்கு வேண்டாமுங்க."

"தொர எனக்கு உட்டுக் குடுக்கறீங்களாக்கும்?"

"உங்களுக்குமில்லீங்க. ஆருக்கும் வேண்டாம். என்னையப் பொதைச்சுருங்க."

எனக்குச் சுர்ரென்று வந்தது. கல்யாணமாகாமல் போகிறவர்களையும் கைக்குழந்தையையும்தானே நம்மில் புதைப்பது? "பேசற பேச்சப் பாரு. ஊரு எம்மூஞ்சியில துப்போணுமா? மரத்த வெட்ட மனசில்லீன்னா கடையில வெறகு வாங்கிக்கறம்" என்றேன்.

"கடை வெறகும் எங்கியோ நின்ன மரந்தானுங்களே."

"அடேய், ஒத்த மரத்துல என்னடா ஆயிருது? அவனே எழுதியிருக்கறான், கட்டத்துல தெரியக்கூடத் தெரியாதுன்னு. நாந்தானே படிச்சுக் காட்டுனேன்?"

"கேட்டனுங்க. கட்டத்துக்கோசரம் சொல்லலீங்க. உச்சி வெயில்ல இதுக நிக்கறதுக்கு வேற எடமில்லீங்ணா." அதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. கையைக் காட்டி ஆடுகளைச் சுட்டினார். கொஞ்சம் தேறியதும், "நாம ரெண்டு பேரும் எல்லாத்தையும் வெட்டிப்போட்டமுங்க. இது ஒண்ணு நிக்கட்டும்" என்றார். சரி என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். சிறு பிள்ளையில் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது பிடித்தது, அதற்குப் பிறகு அவர் என் கையைப் பிடித்ததே இல்லை. சின்னம்மா கஞ்சியோடு வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. வேறு யார் காதிலும் அது விழவில்லை. தவறு அங்கேதான் நடந்தது. அப்போதே அவளைக் கூப்பிட்டுச் சொல்லவைத்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

சித்தப்பா போனபோது அவர் மகன், உன் தம்பி, ஊரில் இல்லை. அவன் போர்வண்டியோடு ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் செம்மண் படிந்த சட்டையோடு வந்து இறங்கினான், அப்பன் முகத்தைப் பார்த்துக் கதறினான், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன் கேட்ட முதல் கேள்வியே ரம்பத்துக்கு ஆள் சொல்லியாச்சா என்பதுதான். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் தனியாகப் பேசவில்லை. எல்லார் முன்னாலும் கத்தினான். "என்ற அப்பன் என்ன அனாதையா? கண்ணாலமாவாத பையனா? மரம் முந்திப் போறவுங்களுக்குன்னு ஊரே பேசி வெச்சது. இன்னைக்கி வந்து வேண்டாம்னாரு, பொதைக்கச் சொன்னாருங்கறீங்க. ஆருகிட்டச் சொன்னாரு? உங்ககிட்ட மட்டும் சொன்னாரா பெரியப்பா? மரம் உங்களுக்கு வேணும்னா நேராக் கேளுங்க!"

சாமி, நான் எழுபதை நெருங்குகிறேன். வாழ்நாளில் என்னை யாரும் திருடன் என்று சொன்னதில்லை. பந்தலில் பறைக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், பாதிப் பேர் நம்பவில்லை என்பது தெரிந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்களே பத்துப் பேர் கேட்க விளையாட்டுச் சண்டை போட்ட மரம்தானே அது. வெட்டிக்கொள் என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் நல்ல பெயர் வந்திருக்கும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அப்போது அவர் பிடித்த கை ஞாபகம் வந்தது. நான் நடந்துபோய் மரத்தின் மேல் கையை வைத்து, "எனக்கும் இது வேண்டாம். நான் போனாலும் இதே மண்ணுலதான் பொதைக்கோணும், ஒரு கொப்பு வெட்டப்படாது. இது சத்தியம்" என்றேன். பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. உன் சின்னம்மா பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்திருக்காமலே, "மாமா பொய் சொல்லி நானு பாத்ததில்ல. குழி வெட்டுங்க" என்றாள். வெட்டினார்கள். அவர் காட்டில், மரத்திலிருந்து தள்ளி.

காரியம் முடிந்து தம்பி மறுபடி ஆந்திராவுக்குக் கிளம்புகிற அன்று வேம்படியில் நின்றிருந்தான். பூ கொட்டிக்கொண்டிருந்தது. போனேன். கோபமெல்லாம் அடங்கியிருந்தது, அவனும் இளைத்திருந்தான். "பெரியப்பா, அப்பன் நெசமாலுமே சொன்னாருங்களா?" என்று கேட்டான். சொன்னார் என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்க அதேமாதிரி மண்ணுக்குள்ள போங்க, அன்னைக்கி நம்பறனுங்க. போய்ட்டு வாரேன்" என்று சொல்லி வண்டி ஏறிவிட்டான். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அப்பனைப் புதைத்துவிட்டு அது சரியா தப்பா என்று தெரியாமல் தவிக்கிறான். அதைத் தீர்த்துவைக்க இந்த உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அது என் கையில் இல்லை.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். எனக்கு ஒன்று ஆனால் நீ வர முடிந்தாலும் முடியாவிட்டாலும் உன் வார்த்தை வந்து சேரவேண்டும். பங்காளிகள் உன்னிடம் நயமாகப் பேசுவார்கள். அமெரிக்காவில் இருக்கிற பையனின் அப்பனை அனாதை போலப் புதைப்பதா, கடையிலாவது சந்தனக்கட்டை வாங்குவோம் என்பார்கள். உனக்கும் நாலு பேர் முன்னால் கூச்சமாக இருக்கும். விட்டுக்கொடுக்காதே. உனக்கு நான் பெரிதாக எதுவும் சேர்த்து வைக்கவில்லை, புத்தி சொல்கிற அளவுக்கு நிறையத் தெரிந்தவனுமில்லை. சூடு ஏறிக்கொண்டே போகும் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்குப் பயம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. என்னால் ஆகக்கூடியது இந்த ஒன்றுதான், அதற்கும் நான் செத்துக் காட்டவேண்டியிருக்கிறது.

இன்னொன்று. இந்த வாரமே உன் தம்பிக்கு ஒரு கடிதம் போடு. கரிக்கணக்கு, கட்டம் எதையும் எழுதிவிடாதே. நீ எழுதியதைக் கேட்டுத்தான் அவன் அப்பா மனம் மாறினார் என்று உன்மேலும் அவனுக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. வண்டி எப்படி ஓடுகிறது, அங்கே எத்தனை அடியில் தண்ணீர் வருகிறது, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேள். அப்பாவை நினைத்தால் அழுகை வருகிறது என்று எழுது. அது நிஜம்தானே? எனக்கும் வருகிறது. சாயங்காலம் ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். இருமினால் கிண்டல் செய்ய ஆளில்லை. ஆடுகளைச் சின்னம்மா ஓட்டி வருகிறாள், அவை அதே இடத்தில் வந்து நிற்கின்றன.

அந்த வேம்பில் ஒரு கிளை வைத்து என்னை எரித்தாலும் நான் பொய்யன், கண்ணு. உன் சித்தப்பா சொன்னதும் பொய்யாகிவிடும், அவரைப் புதைத்ததும் அநியாயமாகிவிடும். அதைச் செய்துவிடாதே. உன் கணக்கில் அந்த மரம் நிற்பதாகவே எழுதிக்கொள். தூசிதான், இருந்தாலும் எழுதிக்கொள். என்னை வரப்புக்கு இந்தப் பக்கம், நம் காட்டில் வைக்கச் சொல். மத்தியானத்துக்கு மேல் நிழல் இந்தப் பக்கம்தான் சாயும், ஆடு மேலே நின்றால் விரட்டவேண்டாம். குழியை மட்டும் வேரில் படாமல் தள்ளித் தோண்டச் சொல்.

அப்பா